கட்டி வைத்த கை

எங்கள் பிள்ளையார்பாளையத்து மாதர் சங்கத்தார் ஆண்டு மலர் போடுகிறார்கள். ‘நோயை வென்றது எப்படி’ என்று நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். படிக்கிறவர்களுக்குத் தைரியம் வரும்படி, வீட்டுக்காரர் எப்படிக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார் என்பதையும் சேர்த்து நல்லபடியாக எழுதச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. நல்லபடியாகவும் வரவில்லை. போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள் என்பது உண்மைதான். அப்படிப் பார்த்துக்கொண்டதால்தான் என் வலது கை ஆறு மாதம் விறகுக்கட்டையாகக் கிடந்தது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. வீட்டில் மூன்று பேர்: நான், என் வீட்டுக்காரர் ஏகாம்பரம், எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த எங்கள் ஒரே மகள் மல்லிகா. அவருக்குப் பட்டு நெசவு. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக வரும் கோர்வைப் புடவைக்கு இரண்டு ஆள் வேண்டும். நெய்கிறவர் நடுவில் இருப்பார். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நூல் வைத்த மர நாடாவைக் குறுக்கே வீச வேண்டும். பதினெட்டு வருடம் அந்தப் பக்கத்து இடம் என்னுடையது. வீசிய கை வலது கை. கட்டி வந்ததும் வலது மார்பில்.

குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலி இல்லை. வலித்திருந்தால் அன்றே வாயைத் திறந்திருப்பேன். இதைப் போய் யாரிடம் சொல்வது என்று எட்டு மாதம் மறைத்தேன். நடுவில் தெருக்கோடி மருத்துவச்சியிடம் மட்டும் காட்டி, அவள் அரைத்துக் கொடுத்த பத்தைப் போட்டுக்கொண்டேன். பத்து காய்ந்து உதிர்ந்தது, கட்டி உதிரவில்லை. அப்புறம் அக்குளில் நெறி கட்டியது. நாடா வீசும்போது ஒவ்வொரு வீச்சுக்கும் இடித்தது. கை தடுமாறி இரண்டு தடவை கரை இழை அறுந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். அழுதுகொண்டே சொன்னேன். அவர் திட்டவில்லை. தறிக்குழியிலிருந்து எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, “கெளம்பு” என்றார்.

ஊர் டாக்டர் தொட்டுப் பார்த்ததும் முகம் சுருங்கி, ஒரு கடிதம் எழுதிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மூன்று வாரம் பெஞ்சிலேயே கழிந்தது. ரத்தம் எடுக்க ஒரு பெஞ்சு, நெஞ்சைப் படம் பிடிக்க ஒரு பெஞ்சு, கட்டியில் ஒரு துளி சதை வெட்டி எடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்க்க இன்னொரு பெஞ்சு. காலை ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தால் பன்னிரண்டுக்குப் பெயரைக் கூப்பிடுவார்கள். அதற்குள் பக்கத்தில் இருப்பவளின் மாமியார் கதை முழுவதும் தெரிந்துபோகும். ஆனால் என்ன நோய் என்று அவளும் சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் ‘கட்டி’தான்.

முடிவு வந்த அன்று பெரிய டாக்டர் என்னைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். “ஜாக்கெட் போட்டுக்கம்மா” என்று சொல்லிவிட்டு வெளியே போய் என் வீட்டுக்காரரிடம் பேசினார். நான் நான்கு ஊக்கு மாட்டுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. வெளியே வந்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், உதறினார், மறுபடியும் மடித்தார்.

“இன்னா சொன்னாரு?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. கட்டிய எடுத்துட்டா சரியாப் பூடும்னு சொல்றாரு.”

நான் நம்பினேன். என் உடம்பைப் பற்றிய சேதி என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரிய இன்னும் ஒன்பது மாதம் ஆனது.

கட்டியை எடுப்பது என்றால் கட்டியை மட்டும் எடுப்பது என்று நினைத்துத்தான் மேஜையில் படுத்தேன். கண் விழித்தபோது வலது பக்கம் தட்டையாக இருந்தது. மார்பு முழுவதையும், அதற்கு அடியில் இருந்த சதையையும், அக்குளில் இருந்த நெறிகளையும் வழித்து எடுத்திருந்தார்கள். விலாவிலிருந்து ஒரு ரப்பர் குழாய் போய்க் கட்டிலுக்குக் கீழே ஒரு புட்டியில் இறங்கியது. நான் அந்தப் புட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அழுவறதுன்னா எடது பக்கமா திரும்பி அழு, தையல் இழுக்கும்” என்றாள்.

அவள்தான் கன்னியம்மா. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். கொஞ்சம் நிலம், இரண்டு கறவை மாடு. புருஷன் வேறொருத்தியோடு போய்ப் பத்து வருடம் ஆகிவிட்டது. எனக்கு இரண்டு நாள் முன்னால் அதே பக்கத்தில் அதே ஆபரேஷன். அவளைப் பார்க்க ஒரே ஒரு தடவை தம்பி வந்தான், அவனும் வாழைப்பழம் கொடுத்துவிட்டு மாட்டைப் பற்றியே பேசிவிட்டுப் போனான்.

ஐந்தாம் நாள் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் ஆங்கிலோ-இந்தியப் பெண்மணி வந்தார். கை கால் பயிற்சி சொல்லித் தருகிறவர். அவருடைய தமிழ் தடுக்கித் தடுக்கி வரும், ஆனால் சொன்னதில் தடுமாற்றம் கிடையாது. வெட்டிய இடத்துத் தோல் ஆற ஆறச் சுருங்கும். அப்போது கையை அசைக்காமல் வைத்தால் தோள் அப்படியே இறுகிவிடும். கையிலிருந்து நீர் வடிந்து போகிற வழி அக்குளின் நெறிகள் வழியாகத்தான், அந்த நெறிகளை எடுத்தாயிற்று. இனிமேல் சதை அசைந்து அசைந்துதான் அந்த நீரைத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் கை வீங்கும். நடக்கவும் வேண்டும். நடந்தால் பசிக்கும், தூக்கம் வரும், மனசு ஒரே இடத்தில் உட்கார்ந்து கிடக்காது. இவ்வளவையும் அவர் எங்களுக்கு விளக்கிவிட்டு, சுவரோரம் நிற்க வைத்தார்.

“விரலு செவுத்து மேல ஏறணும். எறும்பு மாதிரி. டெய்லி கொஞ்சம் மேல” என்றார்.

இடுப்புக்கு மேலே இரண்டு சாண் ஏறுவதற்குள் எனக்குக் கண் இருட்டியது. கன்னியம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலு விரல் ஏறினாள். ஏறின இடத்தில் நகத்தால் கீறி வைத்தாள். “நாளைக்கி இதுக்கு மேல. நீயும் கீறு. யாரு ஜெயிக்கிறது பாக்கலாம்” என்றாள். மூன்று வாரத்தில் என் விரல் தோளுக்கு நேராக வந்தது, அவளுடையது தலைக்கு வந்தது. வார்டு ஆயா எங்கள் கீறலைப் பார்த்துச் சுவரைக் கெடுக்கிறோம் என்று கத்தினாள். சிரித்தால் தையல் வலிக்கும், ஆனாலும் சிரித்தோம்.

அதற்கப்புறம் ஆறு வாரம் கரண்டு வைத்தார்கள். பேர்தான் கரண்டு, உடம்பில் ஷாக் அடிக்காது. கனத்த கதவு போட்ட அறையில் நம்மைத் தனியாகப் படுக்க வைத்துவிட்டு எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். மேலே ஒரு பெரிய இயந்திரம் உறுமும். ஒன்றும் தெரியாது. பத்து நாள் போனதும் தோல் கருகி உரியும், வாய் கசக்கும், சோறு கண்டால் குமட்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் முதல் ரயிலில் அவர் வந்தார். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருவார். நான் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டேன், மிச்சத்தைக் கன்னியம்மா சாப்பிடுவாள். என் அழுக்குப் புடவையை ஆஸ்பத்திரிக் குழாயடியில் அவரே துவைத்துப் பிழிந்து காயப்போட்டார். எங்கள் தெருவில் எந்த ஆம்பளையும் பெண்டாட்டி புடவையைத் தொட்டுத் துவைத்து நான் பார்த்ததில்லை. வார்டே வாயைப் பிளந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பயிற்சியம்மா படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, என் வீட்டுக்காரரிடமும் விளக்கிச் சொன்னார். அவர் கைகட்டி நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீடு வந்ததும் பெரிய இடத்துத் தாளாயிற்றே என்று பயபக்தியோடு சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். அதற்கப்புறம் அதை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் அவர் பட்டுக் கழிவு நூலை முறுக்கி, பழைய மெத்தென்ற துணியில் கோத்து, என் வலது கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டினார். நெசவுக்காரர் கட்டின கட்டு, ஒரு இடத்திலும் உறுத்தவில்லை. தினமும் காலையில் அவிழ்த்து வேறு துணி மாற்றிக் கட்டுவார்.

“அந்தம்மா கைய அசைக்கணும்னு சொன்னாங்களே” என்றேன்.

“இழை நொந்து போயிருந்தா இன்னா பண்ணுவோம்? பாவு நூலத் தளர்த்தி உட்டுட்டுத் தொடாம இருப்போம். இழுத்தா அறுந்து பூடும். ஒடம்பும் அப்படித்தான். சும்மா கெட.”

என் நாத்தனார் பட்டம்மாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து உதவிக்கு வந்திருந்தாள். தறியில் என் இடத்தில் அவள்தான் உட்கார்ந்தாள். அவள் இன்னும் ஒரு படி மேலே போனாள். “கசரத்து பண்றதுக்கு நீ இன்னா பயில்வானா அண்ணி? வெள்ளைக்காரிச்சிங்களுக்கு வேல வெட்டி இல்ல, கையக் கால ஆட்டிக்கினு இருப்பாளுங்க. பதினெட்டு வருஷமா ஒழைச்ச ஒடம்பு, ரெஸ்ட்டு எடு” என்றாள்.

பொய் சொல்ல மாட்டேன், சுகமாகத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகப் படுக்கைக்கு காபி வந்தது. மல்லிகா தலைக்கு எண்ணெய் வைத்தாள். தெருப் பெண்கள் வந்து பார்த்து, “மகராசி, இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கெடைப்பான்” என்று கன்னத்தில் கை வைத்தார்கள். தாளை நானே எடுத்துப் பார்த்திருக்கலாம். சுவர் நாலடி தூரத்தில்தான் இருந்தது. எழுந்து போகவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது, யார் தலையிலும் போட மாட்டேன்.

இரண்டு மாதத்தில் கை வீங்கி வளையலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கட்டை அவிழ்த்தாலும் கை தானாக மார்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. கொல்லைக்குப் போய் வந்தால் மூச்சு வாங்கியது. ராத்திரி தூக்கமில்லை, பகலில் பசியில்லை. வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நோய் முற்றுகிறது என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். படுத்தே கிடந்தால் யாருக்கும் இப்படித்தான் ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். “உன்ன எதுக்கு ரயில்ல போட்டு ஒலுக்கணும்” என்று அவர் மட்டும் போய் மாத்திரை வாங்கி வந்தார்.

கார்த்திகையில் ஆரணியிலிருந்து மல்லிகாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நெசவுக் குடும்பம், நல்ல பையன். தையில் முகூர்த்தம் என்றார்கள். பங்குனியில் அவளுக்குப் பரீட்சை. வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். டீச்சர் டிரெயினிங் போகவேண்டும் என்று எட்டாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள்.

“ரெண்டு மாசம் தள்ளிப் போட்டா இன்னா? பரீட்சய எழுதட்டுமே” என்றேன்.

“அவங்க காத்திருக்க மாட்டாங்க. நல்ல எடம் தட்டிப் பூடும்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

மல்லிகா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. புத்தகங்களை அடுக்கிப் பரணில் வைத்தாள். இவ்வளவு பதவிசான பெண்ணா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரத்தில் அட்சதையை எல்லோருக்கும் கொடுத்தார்கள். கட்டை அவிழ்த்துக்கொண்டு நானும் வலது கையில் வாங்கினேன். கெட்டிமேளம் கொட்டியது. கை எழவில்லை. என் மகளின் தலை என் இடுப்புக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்தது, அவ்வளவுகூட எழவில்லை. இடது கையால் போடக்கூடாது. கைக்குள் அரிசி வேர்த்து ஈரமாகிக்கொண்டிருந்தது. பட்டம்மாள் என் விரல்களைப் பிரித்து அதை எடுத்து, எனக்காக அவளே போட்டாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என்மேல் எவ்வளவு இரக்கம் என்று அப்போதும் நான் நன்றியோடு நினைத்தேன்.

பங்குனியில் கை வலி பொறுக்க முடியாமல் போனதால் வேறு வழியில்லாமல் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவர் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாசல் வழியாகத் தலையில் ஒரு வேர்க்கடலை மூட்டையோடு கன்னியம்மா வந்தாள். டாக்டருக்கும் சிஸ்டருக்கும் கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டு கையாலும் மூட்டையைத் தூக்கி இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இன்னாமே சரோசா இது? கைய பொட்டலம் கட்டிக்கினு வந்துகிற?”

“தையல் பிரிஞ்சிடப் போவுதுன்னு அவுரு கட்டி உட்டாரு.”

“எட்டு மாசத்துக்கு அப்பறமா தையல் பிரியும்? அந்தம்மா தலபாடா அடிச்சிக்கினாங்களே!” அவள் வலது கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கி ஜன்னலின் மேல் கம்பியைப் பிடித்தாள். “பாரு. எனக்குக் கட்டி உட யாரு இருக்கா? வூட்டுக்குப் போன மறுநாளே மாட்டுக்குத் தண்ணி காட்டணும். மொதோ பத்து நாளு கண்ணுல தண்ணி உட்டுக்கினேதான் பால் கறந்தேன். தெனம் பால எத்துக்கினு வாலாஜாபாத்துக்கு நடை. இப்ப வலி இருக்குது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா கை என்னுது. ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, இருக்கிற வரைக்கும் ரெண்டு கையும் வேணுமில்ல?”

“ஒரு வருஷமா? யாரு சொன்னது?”

அவள் என்னைப் பார்த்தாள். வரிசையில் நின்ற அவரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். “உனக்கு டாக்டரு சொல்லலியா? ‘வூட்டு ஆம்பளய வரச்சொல்லு’ன்னாரு என்னை. ஆம்பளயே இல்ல, சொல்றத என்கிட்டயே சொல்லுன்னேன். நெறி வரைக்கும் வந்துட்டுது, ஒரு வருஷம் தாண்டனா பெருசுன்னாரு. உனக்கும் நெறி இருந்துதே சரோசா.”

அப்புறம் அவள் என்னவோ பேசினாள், எனக்குக் காதில் ஏறவில்லை.

டாக்டர் கட்டை அவிழ்த்துக் கையைத் தூக்கிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “யார் கட்டச் சொன்னது இதை?” என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார். அவர் தரையைப் பார்த்தார். டாக்டர் கழுத்து, மறு மார்பு, வயிறு எல்லாம் அழுத்திப் பார்த்து, படமும் எடுத்துப் பார்த்தார். நோய் இப்போது எங்கும் இல்லை என்றார்.

“எனக்கு ஒரு வருஷம்னு சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

டாக்டருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “அப்படியும் ஆகலாம்னு சொன்னேன்மா. அப்படித்தான் ஆகும்னு சொல்லலை. உயிரோட இருக்கிறவங்க கையைக் கட்டிப் போடச் சொல்லவே இல்லை” என்றார்.

திரும்பும் ரயிலில் செங்கல்பட்டு வரை கூட்டம் நெரித்தது. பாலூர் தாண்டியதும் பெட்டியில் கூட்டம் குறைந்தது. நான் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

“ஒரு வருஷம்னு சொல்லிட்டாரு. அந்தம்மா சொன்னதும் எனக்குத் தெரியும். கைய அசைக்கறப்ப நீ கத்தறத வார்டுல பார்த்தேன். இருக்கப் போறதே ஒரு வருஷம், அதுல எதுக்கு அந்த நோவுன்னு நெனச்சேன். நல்லா பாத்துக்கலாம்னு நெனச்சேன். தப்பா சரோஜா?”

“பட்டம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மல்லிகாவுக்கு?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நீ பூட்டா ஒரு வருஷம் கல்யாணம் பண்ணக்கூடாது. தாயில்லாப் பொண்ண எவன் எடுப்பான்? நீ கண்ணால பாத்துட்டுப் போவணும்னுதான்...” என்றார். முடிக்காமல் அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை. படுக்கைக்கு வந்த காபி, துவைத்த புடவை, மெத்தென்ற கட்டு, எல்லாம் செத்துப்போகிறவளுக்குச் செய்த உபசாரம். அவருக்கு என்மேல் இருந்த பிரியத்தில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அந்தப் பிரியத்தில் நான் பிழைப்பேன் என்ற நினைப்பு மட்டும் இல்லை. கன்னியம்மாவைப் பிரியமாகப் பார்க்க ஒரு ஆள் இருந்திருந்தால் அவளும் என்னைப் போலத்தான் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருப்பாள். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டைக் கத்திரிக்கோலால் நானே வெட்டி அடுப்பில் போட்டேன். பட்டு எரிந்த நாற்றம் வீடு முழுக்க அடித்தது.

இறுகிப்போன தோளை இளக்குவது ஆபரேஷனைவிடக் கொடுமை. விடியற்காலையில் எங்கள் தெருவில் பாவு போடுவார்கள். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து நடந்து சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து வருவார்கள். நான் அங்கே போய் நின்றேன். முதல் நாள் பாதித் தெரு நடப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதத்தில் போக வர ஆறு நடை நடந்தேன். வலது கையை நீட்டிப் பாவுக்கு அந்தப் பக்கத்து இழையைத் தொடவேண்டும் என்று தினமும் ஒரு விரல்கடை கூட்டினேன். வலியில் கண்ணீர் கொட்டும். “அண்ணி, தள்ளி நின்னு அழு, பட்டுல கறை உழுந்துடும்” என்பாள் பட்டம்மாள். கல்யாணப் புடவைப் பாவை நான் தொடுவது நல்லதில்லை என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. தொட்டேன். அந்தப் புடவை கட்டிய பெண்களெல்லாம் பிள்ளை குட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பத்து நாள் பார்த்தார் அவர். பதினோராம் நாள் உத்தரத்தில் ஒரு மர உருளையை மாட்டி, கயிறு போட்டு, இரண்டு முனையிலும் பிடி கட்டிக் கொடுத்தார். இடது கை கீழே இழுத்தால் வலது கை மேலே போகும். நான் கத்தும்போது தறியை நிறுத்திவிட்டு வெளியே போய்விடுவார். முடித்ததும் உள்ளே வருவார்.

இரண்டு மாதத்தில் பசி வந்தது. படுத்தால் தூங்கினேன். ஐப்பசியில் கை தோளுக்கு மேலே போனது. பட்டம்மாளை எழுப்பிவிட்டுத் தறியில் என் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. வீக்கம் பாதிதான் வடிந்தது. அது இனிமேல் முழுவதும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெறும் கையாக இருந்தால் ஊதும், நாடா வீசிக்கொண்டே இருந்தால் அடங்கியிருக்கும்.

கையை அசைத்ததால்தான் உயிர் தங்கியது என்று நான் எழுத மாட்டேன். கன்னியம்மா என்னைவிட நன்றாக அசைத்தாள், என்னைவிட அதிகம் நடந்தாள். இரண்டாம் வருடம் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அவளைக் காணவில்லை. அவள் கிராமத்துக்கே போனேன். தம்பிதான் இருந்தான். நோய் முதுகெலும்பில் இறங்கிவிட்டதாம். “கடைசி பத்து நாளுதான்மா படுத்துது. அதுவரைக்கும் மாட்ட யாரையும் தொட உடல” என்றான். நோய் யாரை விடும், யாரைப் பிடிக்கும் என்பது யார் கையிலும் இல்லை. இருந்த நாளெல்லாம் அவள் அவளாக இருந்தாள். நான் ஆறு மாதத்தை உயிரோடு இருந்தே தொலைத்தேன். அதோடு சேர்த்து வீட்டில் என் மகளின் படிப்பையும் தொலைத்தார்கள்.

ஐந்து வருடம் ஆகிறது. போன மாசம் மல்லிகா ஆரணியிலிருந்து இரண்டாவது குழந்தையோடு வந்திருந்தாள். மாப்பிள்ளை நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளும் தறியில்தான் உட்கார்கிறாள். சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். தெருவில் அவளோடு படித்த கௌரி குடையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

“கௌரி டீச்சராயிட்டாளாம்மா?” என்று கேட்டாள்.

“ஆமாம், முனிசிபல் ஸ்கூல்ல.”

கௌரி தெரு திரும்பும் வரை பார்த்தாள். அப்புறம், கோபம் எதுவும் இல்லாமல், குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “நீ பொழைச்சிக்குவேன்னு தெரிஞ்சிருந்தா நானும் பரீட்சை எழுதியிருப்பேன்மா.”

நான் வாரிக்கொண்டே இருந்தேன். நீண்ட முடி அவளுக்கு. உச்சியிலிருந்து நுனி வரை சீப்பைக் கொண்டுவர வலது கையை நன்றாகத் தூக்கவேண்டும். தூக்க முடிந்தது.